மார்கழியில் பிரித்த வண்டி, தட்டில் மிஞ்சிய ஒரு சிறு உருளை

தேவிகுளத்துக்காரன் | டிசம்பர் 21, இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். தேவிகுளத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து எழுதுகிறேன். அப்பா 1994இல் வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100 எங்கள் வீட்டில் இருக்கிறது. 98 சிசி, இரண்டு ஸ்ட்ரோக். ஜூனில் தொடங்கும் மழை ஓய்ந்து, ஐப்பசி மழையும் முடிந்து, மார்கழியில் புல்லின் மேல் பனி உறையத் தொடங்கும்போது அந்த வண்டியைப் பொங்கல் வரை நிறுத்திவிடுவோம். அப்பா காலத்திலிருந்தே வழக்கம் அதுதான்.

போன வருடம் கீழே ஒரு பட்டறையில் கொடுத்துக் கரி எடுத்தோம். ஹெட் நட்டுகளை ஒரே சீராக முறுக்கவில்லை. ஒரு மாதத்தில் பேக்கிங் ஊதிவிட்டது. இனி நானே செய்வது என்று முடிவெடுத்து, இந்த இரண்டு வாரமாக மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் தகரம் போட்ட இடத்தில் வைத்து வேலை பார்த்தேன். சிலிண்டரைக் கழற்றி உள்ளே படிந்த கரியை எடுத்தேன். பிஸ்டனுக்குப் புது ரிங், புதுக் கிளட்ச் தட்டுகள், செயின் ஸ்ப்ராக்கெட் செட், முன் சக்கரத்துக்கு இரண்டு பேரிங் மாற்றினேன். இன்று மாலை எல்லாவற்றையும் பூட்டி முடித்தேன்.

முடித்துவிட்டுத் தட்டைப் பார்த்தால் ஒன்று மிஞ்சியிருக்கிறது. உள்ளே துளையுள்ள சிறு இரும்பு உருளை. சுண்டுவிரல் நுனி அளவு. இரு முனையும் லேசாகச் சாய்த்துக் கடைந்திருக்கிறது. எங்கே போகும் என்று தெரியவில்லை. கிக்கரை மிதித்துப் பார்க்கலாமா, வேண்டாமா?

போடி பட்டறை | டிசம்பர் 21, இரவு 9.32

மிதிக்காதீர்கள் தம்பி. முதலில் அந்த உருளையை நன்றாகத் துடைத்து ஒரு சீட்டில் சுற்றி வையுங்கள்.

நீங்கள் சொல்வது டவல் பின். கிளட்ச் மூடி எஞ்சினோடு சேரும் இடத்தில் இப்படி இரண்டு இருக்கும். போல்ட் மூடியை இறுக்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். மூடி சரியான இடத்தில் உட்காருவது இந்த உருளைகளால்தான். கழற்றும்போது ஒன்று எஞ்சினிலும் மற்றொன்று மூடியிலும் ஒட்டிக்கொண்டு வரும். மூடியைக் கழுவும்போது விழுந்திருக்கும். ஒன்று இல்லாமல் பூட்டினால் மூடி ஒரு மயிரிழை நகர்ந்து உட்காரும். பேக்கிங் ஓரத்தில் எண்ணெய் கசியும், மூடி வழியாக வெளியே வரும் கிக் ஷாஃப்டும் இறுகும்.

மூடியைத் திரும்பக் கழற்றத்தான் வேண்டும். எப்படியும் கழற்றப் போவதால் நான்கு கேள்விகள் கேட்கிறேன். மறைக்காமல் சொல்லுங்கள். சிலிண்டரைத் தூக்கியபோது கிராங்க் வாயைத் துணியால் அடைத்தீர்களா? பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது? பிஸ்டன் பின் நழுவாமல் பிடிக்கும் வளையக் கிளிப், அந்தச் சர்க்லிப், புதிதா, பழையதா? எண்ணெய் பம்பின் குழாயைக் கழற்றினீர்களா?

தேவிகுளத்துக்காரன் | டிசம்பர் 21, இரவு 10.05

அண்ணா, துணி அடைத்தேன். அம்பு முன்பக்கம், சைலன்சர் வாயைப் பார்க்கிறது. சர்க்லிப் பழையதையே போட்டுவிட்டேன், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எண்ணெய்க் குழாயைக் கழற்றினேன். கரி எடுக்கும்போது இடைஞ்சலாக இருந்தது. திரும்ப மாட்டிவிட்டேன்.

போடி பட்டறை | டிசம்பர் 21, இரவு 11.20

கடைசி இரண்டு பதிலும் என்னைத் தூங்கவிடவில்லை. நிதானமாக எழுதுகிறேன், நீங்களும் நிதானமாகப் படியுங்கள்.

சர்க்லிப்பை ஒருமுறை கழற்றினால் அதன் வேலை முடிந்தது. மூக்குப் பிளையரால் நெருக்கும்போதே அதன் விறைப்பு கொஞ்சம் போய்விடுகிறது. பிஸ்டன் ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான முறை மேலும் கீழும் நின்று திரும்பும் பொருள். தளர்ந்த சர்க்லிப் பள்ளத்திலிருந்து வெளியே வந்தால் பின் நகர்ந்து சிலிண்டர் சுவரை உழுதுவிடும். ஒரு டீக்கும் வடைக்கும் ஆகும் காசுதான் அதன் விலை. மாற்றுங்கள். மாட்டும்போது அதன் திறந்த வாய் நேர் மேலே அல்லது நேர் கீழே இருக்க வேண்டும். பக்கவாட்டில் இருந்தால் பிஸ்டனின் ஓட்டமே அதைச் சுருக்கி வெளியே தள்ளும்.

அடுத்தது எண்ணெய். இந்த வண்டியில் டூ-டி எண்ணெய், அதாவது இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான எண்ணெய், தனித் தொட்டியிலிருந்து பம்ப் வழியாகச் செல்கிறது. குழாயைக் கழற்றினால் உள்ளே காற்று போகும். குழாயில் விரல் நீளத்துக்குக் காற்று நின்றால் அது நகர்ந்து முடியும் வரை எஞ்சினுக்கு ஒரு சொட்டு எண்ணெயும் கிடைக்காது. இரண்டு ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கும் கிராங்க் பேரிங்குக்கும் வேறு எண்ணெய் கிடையாது. நான்கு ஸ்ட்ரோக் போலக் கீழே தொட்டியில் தேங்கி நிற்பதில்லை. நீங்கள் இன்று மாலை மிதித்து ஓட்டியிருந்தால் லயத்து முக்கு திரும்புவதற்குள் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்திருக்கும்.

செய்ய வேண்டியது இது. எண்ணெய்த் தொட்டியை நிரப்புங்கள். பம்பில் காற்று எடுக்கும் சிறு ஸ்க்ரூ இருக்கிறது. அதைத் தளர்த்தி, குமிழி இல்லாத எண்ணெய் வரும் வரை விட்டுப் பிறகு மூடுங்கள். பம்பிலிருந்து எஞ்சினுக்குப் போகும் மெல்லிய குழாயில் இன்னும் காற்று இருக்கும். அதனால் டாங்கில் முதல் இரண்டு லிட்டர் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 20 மி.லி. டூ-டி எண்ணெயைக் கலந்துவிடுங்கள். அந்தக் கலவையில் வண்டியை மெதுவாக ஓடவிட்டு, பம்பின் கம்பியைக் கையால் முழுவதும் இழுத்துப் பிடியுங்கள். குழாய் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்தான். குமிழி போய் முடிவது கண்ணுக்குத் தெரியும். புகை நிறைய வரும், பயப்பட வேண்டாம்.

சிலிண்டரை மீண்டும் இறக்கும்போது ரிங்கின் வாய் பிஸ்டன் பள்ளத்தில் இருக்கும் சிறு முளையில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று இருமுறை பாருங்கள். அந்த முளை இருப்பதே ரிங் சுழன்று அதன் முனை போர்ட் துளையில் சிக்காமல் இருப்பதற்காகத்தான். அடிப் பேக்கிங் புதிது போடுங்கள். அங்கே காற்று இழுத்தால் பெட்ரோல் கலவை நீர்த்துப் போய்ச் சூடு ஏறும். அதற்கும் முடிவு பிஸ்டன் பிடிப்பதுதான்.

புளியரை கடைசல் | டிசம்பர் 22, காலை 6.15

நான் கடைசல் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தம்பி, தட்டில் ஒன்று மிஞ்சியது என்று வெட்கப்படாமல் எழுதினீர்களே, அது நல்ல குணம். தூக்கி எறிந்துவிட்டுப் பூட்டிய வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த முறைக்கு ஒரு வழி சொல்கிறேன். கிளட்ச் மூடியைக் கழற்றுவதற்கு முன்னால் ஓர் அட்டையில் மூடியின் உருவத்தை வரைந்து, ஸ்க்ரூ இருக்கும் இடங்களில் துளையிடுங்கள். ஒவ்வொன்றையும் கழற்றியவுடன் அதே இடத்தில் குத்தி வையுங்கள். மூடியின் ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் அல்ல. நீளமானதைக் குட்டையான துளையில் போட்டு முறுக்கினால் அலுமினிய மரை பிய்ந்துவிடும். குட்டையானதை நீளத் துளையில் போட்டால் இரண்டு மரையில் மட்டும் தொங்கும், அதுவும் பிய்ந்துவிடும். சிறு பொருட்களுக்கு முட்டை அட்டை போதும், குழிக்கு ஒரு எண் எழுதி வையுங்கள். பூட்டும்போது பின்னாலிருந்து வர வேண்டும். ஒரு குழியில் ஏதாவது இருந்தால் அடுத்த குழிக்குப் போகக் கூடாது. பிரிக்கும் அன்றே பூட்டும் வேலை தொடங்கிவிடுகிறது என்று எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சொல்வார். அதை நான் ஒரு நாளும் மீறியதில்லை.

ஜப்பான் வண்டிகளின் நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் கடையில் வாங்கும் சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் அவற்றுக்கு உரியது அல்ல. ஜப்பானிய அளவுமுறையில் பள்ளத்தின் வடிவம் சற்று வேறு. பிலிப்ஸ் முனை அதில் முழுதாக இறங்காமல் நழுவித் தலையை மழுங்கடிக்கும். ஜேஐஎஸ் முனை தனியாகக் கிடைக்கிறது. இல்லையென்றால் சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவர் ஒன்று வாங்கி வையுங்கள். மூடியை மீண்டும் பூட்டும்போது 6 மி.மீ. போல்ட்டுக்கு அலுமினியத்தில் சுமார் 10 நியூட்டன் மீட்டர் முறுக்கம் போதும். டார்க் ரென்ச் இல்லாதவர்கள் ஸ்பேனரின் நுனியைப் பிடிக்காமல் கழுத்தைப் பிடித்து முறுக்கினால் கை தானே நின்றுவிடும்.

ரிங்கைப் பிஸ்டனில் போடும் முன் சிலிண்டருக்குள் தனியாக இறக்கி, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜில் அளந்தீர்களா? 25 மி.மீ. போருக்கு (சிலிண்டரின் உள்விட்டம்) 0.1 மி.மீ. என்பது பழைய கைவிதி. உங்கள் போர் 50 மி.மீ., குறைந்தது 0.2 மி.மீ. வேண்டும். இடைவெளி இல்லாமல் முனைகள் முட்டினால் சூட்டில் ரிங் விரிய இடமில்லாமல் உடையும்.

குமுளி ஏலக்காய் | டிசம்பர் 22, மதியம் 1.40

இவ்வளவு பிரிப்பது எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. என்னிடமும் பழைய வண்டி இருக்கிறது. ஏலத்தோட்டத்தில் வேலையில்லாத நாட்களில் அதை எடுப்பதில்லை. ஆனால் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிடுவேன். எஞ்சின் உயிரோடு இருக்கும். பாட்டரியும் இறங்காது.

போடி பட்டறை | டிசம்பர் 22, மாலை 7.05

ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் அந்த ஐந்து நிமிடம் நன்மையைவிடத் தீமைதான் செய்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. எஞ்சினும் சைலன்சரும் நன்றாகச் சூடேறினால் அந்த ஆவி வெளியே போய்விடும். குமுளிக் குளிரில் ஐந்து நிமிடத்தில் எதுவும் சூடேறாது. ஆவி சைலன்சரின் உள்ளே தண்ணீராகப் படிந்து நிற்கிறது. நான்கு ஸ்ட்ரோக்காக இருந்தால் எஞ்சின் எண்ணெயிலும் கலக்கிறது. எண்ணெய் மூடியின் உட்புறம் பால் ஏடு போல வெளுப்பாக ஒட்டியிருந்தால் அதுதான். ஓட்டுவதானால் அரைமணி நேரம் சாலையில் ஓட்டுங்கள். இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

பாட்டரியை எடுத்துவிடுங்கள். முதலில் மைனஸ் முனை, பிறகு பிளஸ். 12 வோல்ட் பாட்டரி நிறைந்திருந்தால் சும்மா இருக்கும்போது 12.6க்கு மேல் காட்டும். 12.4க்குக் கீழே இறங்கவிட்டால் தட்டில் வெள்ளை உப்புப் படிந்து கெட்டுவிடும். மாதம் ஒருமுறை மெதுவாகச் சார்ஜ் செய்யுங்கள். 5 ஆம்பியர் மணி பாட்டரிக்கு அரை ஆம்பியர் போதும்.

குமுளி ஏலக்காய் | டிசம்பர் 22, இரவு 8.30

வெளுப்பு ஏடு இருக்கிறது. இப்போதுதான் திறந்து பார்த்தேன். பேக்கிங் போய் மழைத் தண்ணீர் இறங்கியது என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன். எண்ணெயை மாற்றிவிட்டு நிறுத்துகிறேன். டாங்க் நிறைந்திருக்கலாமா, காலியாக இருக்க வேண்டுமா? அதையும் சொல்லிவிடுங்கள்.

போடி பட்டறை | டிசம்பர் 22, இரவு 9.15

அந்தக் காலத்தில் நான் யோசிக்காமல் “நிரப்பி வையுங்கள்” என்று சொல்லியிருப்பேன். காற்றுக்கு இடமில்லை என்றால் தகரத்தில் துரு ஏறாது. 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கிய பிறகு கணக்கு கொஞ்சம் மாறிவிட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அளவுக்கு மேல் இழுத்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். பெட்ரோலைத் திறந்து மூடும் காக் எடுப்பது அந்த அடியிலிருந்துதான். பழைய வண்டியின் ரப்பர் குழாய்களும் கார்புரேட்டர் வாஷர்களும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

ஆறு ஏழு வாரம் என்றால் கழுத்து வரை நிரப்பி, பெட்ரோல் காக்கை மூடி, கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்து ஸ்க்ரூவைத் திறந்து அதிலுள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள். அதிலுள்ள பைலட் ஜெட் என்ற சிறு பெட்ரோல் குழலின் துளை ஊசிமுனையைவிடச் சிறிது. கிண்ணத்தில் பெட்ரோல் காய்ந்து பிசினானால் முதலில் அடைபடுவது அதுதான். மூன்று மாதத்துக்கு மேல் என்றால் டாங்கையே வடித்து, உள்ளே கொஞ்சம் எண்ணெய் ஊற்றிக் குலுக்கி வைப்பதுதான் என் வழக்கம்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர் | டிசம்பர் 23, மாலை 5.20

தேவிகுளத்துத் தம்பிக்கு இரண்டு விஷயம். என் வண்டி நான்கு ஸ்ட்ரோக், பள்ளிக்குப் போய்வரும் வண்டி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மார்கழியில் வாரியிறைக்கும் புழுதியில் செயினும் பிரேக்கும் பாடாய்ப்படும். அரையாண்டு விடுமுறையில் நானே கழற்றிச் சுத்தம் செய்கிறேன்.

முன் சக்கரத்தில் இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஒரு குழாய் இருக்கும், போட்டீர்களா? ஒரு பேரிங்கை அடித்து இறக்கி, குழாயை வைத்து, பிறகுதான் மற்றதை இறக்க வேண்டும். குழாய் இல்லாமல் அச்சை முறுக்கினால் பேரிங்கின் உள்வளையத்தைப் பக்கவாட்டில் நசுக்கும். சக்கரம் கையில் சுற்றினால் சுற்றும், சாலையில் சில நாளில் இரையத் தொடங்கும். அடித்தது எப்படி? வெளிவளையத்தின் மேல் மட்டும் அடி விழ வேண்டும். நான் பழைய பேரிங்கையே மேலே வைத்து அடிப்பேன்.

அடுத்தது செயின் லாக். மீன் வடிவத் தகட்டின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், திறந்த பக்கம் பின்னால். ஒரு வருடம் நான் மாற்றிப் போட்டு, வேலந்தாவளம் தாண்டும்போது செயின் கழன்று விழுந்தது. மெதுவாகப் போனதால் தப்பினேன். அன்றிலிருந்து பூட்டியதும் விரலால் தடவிப் பார்க்காமல் எழுந்திருப்பதில்லை.

டிரம் பிரேக்கைத் திறந்தீர்களானால் அந்தக் கறுப்புத் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனர்களில் கல்நார் இருக்கும். ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியை ஒரு பையில் கட்டி எறிந்துவிடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் தூரமாக வைத்துச் செய்யுங்கள்.

தேவிகுளத்துக்காரன் | டிசம்பர் 23, இரவு 8.00

டீச்சர், நடுக்குழாய் போட்டுவிட்டேன். செயின் லாக்கை இப்போது டார்ச் அடித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. பிரேக் தூசியை ஊதினேன். எனக்கு இது தெரியாது. பக்கத்தில் தங்கையின் மகன் விளையாடிக்கொண்டிருந்தான். இனி ஒருபோதும் செய்ய மாட்டேன்.

மறையூர் சந்தனம் | டிசம்பர் 24, காலை 10.10

ஒரு யோசனை. இவ்வளவு பிரித்த கையோடு பெரிய கார்புரேட்டரும், வேறு வண்டியின் டிஸ்க் பிரேக்கும் மாட்டிவிடலாமே? உதிரிபாகம் உடுமலையில் கிடைக்கிறது.

போடி பட்டறை | டிசம்பர் 24, மாலை 6.45

வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 15 வருடம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கும்போது ஆய்வில் நிற்க வேண்டும். அப்பா வாங்கிய வண்டியை அப்படியே காப்பாற்றுவதுதான் தம்பியின் ஆசை என்று நினைக்கிறேன்.

கார்புரேட்டர் பற்றிப் பேச்சு வந்ததால் மலைக்காரர்களுக்கு ஒன்று. போடி 400 மீட்டருக்கும் கீழே. மூணாறு சுமார் 1,500 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 14 சதவீதம் குறைவு. இங்கே நான் சரியாக வைத்து அனுப்பும் வண்டி அங்கே பெட்ரோல் மிகுந்து திணறும், பிளக் கரியாகும். பட்டறைக்காரன் கெடுத்துவிட்டான் என்று திட்டு வாங்கியிருக்கிறேன். தம்பி, ஓட்டும் இடத்தில் வைத்துத்தான் கார்புரேட்டரின் காற்று ஸ்க்ரூவைத் திருத்த வேண்டும். பிளக்கின் பீங்கான் காப்பிப் பொடி நிறத்துக்கு வர வேண்டும். கறுப்பென்றால் பெட்ரோல் அதிகம். வெளுப்பென்றால் அதைவிட ஆபத்து, உடனே நிறுத்துங்கள்.

தேவிகுளத்துக்காரன் | ஜனவரி 6, இரவு 8.50

தாமதத்துக்கு மன்னியுங்கள். சர்க்லிப்பும் அடிப் பேக்கிங்கும் வாங்க அடிமாலி வரை போக வேண்டியிருந்தது.

மூடியைக் கழற்றினேன். ஒரு டவல் பின் எஞ்சின் பக்கம் இருந்தது, மற்ற துளை காலி. மிஞ்சிய உருளை அதில் கையாலேயே போய் உட்கார்ந்தது. மூடி இந்த முறை கையால் ஒரு தட்டுத் தட்டியதும் பொருந்தியது. முன்பு நான் போல்ட்டை முறுக்கி இழுத்துத்தான் சேர்த்திருந்தேன், அப்போதே புரிந்திருக்க வேண்டும். புளியரை ஐயா சொன்னபடி அட்டை வரைந்து ஸ்க்ரூக்களைக் குத்தி வைத்தேன். இரண்டு இடம் மாறியிருந்தது தெரிந்தது. ரிங் இடைவெளி 0.25 மி.மீ.

ஹெட் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக மூன்று சுற்றில் முறுக்கினேன். பம்பில் காற்று எடுத்தேன். குமிழி வந்துகொண்டே இருந்தது, கால்மணி நேரம் ஆயிற்று. நேற்றுக் காலை, புல்லில் வெள்ளைப் பனி இருக்கும்போதே, ஐந்தாவது மிதியில் பிடித்தது. அப்பா லயத்து வாசலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்று சத்தத்தை மட்டும் கேட்டார். “டைமிங் சத்தம் சரி, சைலன்சர் நட்டை இன்னும் ஒரு திருகு திருகு” என்றார். உண்மைதான், அது தளர்ந்திருந்தது.

20 கி.மீ. மெதுவாக ஓட்டிப் பிளக்கைக் கழற்றினேன். காப்பி நிறத்தைவிடக் கொஞ்சம் கருமை. காற்று ஸ்க்ரூவைக் கால் திருகு வெளியே எடுத்திருக்கிறேன். தை பிறந்ததும் போடிமெட்டு வழியாக இறங்கி உங்கள் பட்டறைக்கு வருகிறேன் அண்ணா. பின்சக்கரக் கம்பிகளை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

போடி பட்டறை | ஜனவரி 6, இரவு 9.25

வாருங்கள் தம்பி, அப்பாவையும் பஸ்ஸில் அழைத்து வாருங்கள். ஹெட் நட்டுகளை நாளை காலை எஞ்சின் முழுதும் ஆறியிருக்கும்போது ஒருமுறை சரிபாருங்கள்.

இறங்கும்போது ஒரு கவனம். போடிமெட்டிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவு. ஆக்சிலரேட்டரை முழுதாக மூடி, கியரில் பிடித்துக்கொண்டே நீண்ட நேரம் இறங்காதீர்கள். உங்கள் எண்ணெய் பம்ப் ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து வேலை செய்கிறது. மூடினால் எண்ணெய் மிகக் குறைவாகத்தான் வரும், எஞ்சினோ வேகமாகச் சுழலும். புது ரிங் வேறு. இரண்டு வளைவுக்கு ஒருமுறை கிளட்சைப் பிடித்து, ஆக்சிலரேட்டரைச் சற்றுத் திறந்து மூடுங்கள்.

தேவிகுளத்துக்காரன் | ஜனவரி 6, இரவு 9.31

சரி அண்ணா. எழுதி வைத்துக்கொண்டேன்.